எடுத்தது எத்தனை மில்லிமீட்டர்? தோள்பட்டை ஆர்த்ராஸ்கோப்பியில் எலும்பை அளப்பதன் சிக்கல்

தோள்பட்டையில் ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே கேமராக் குழாயைச் செலுத்தித் திரையில் பார்த்தபடி செய்யும் அறுவை) செய்து காறை எலும்பின் முனையைக் குறைத்துக்கொண்டவர்களின் அறுவைக் குறிப்பை வாங்கிப் பார்த்தால், அதில் இப்படி ஒரு வரி அநேகமாக இருக்கும்: "காறை எலும்பின் வெளிமுனையிலிருந்து 10 மிமீ எலும்பு அகற்றப்பட்டது." படிக்கிறவருக்கு அது ஸ்கேல் வைத்து அளந்த எண்ணாகத் தோன்றும். பல நேரங்களில் அது திரையைப் பார்த்துக் கணித்த எண். எங்கிருந்து எங்கே அளந்தார்கள், எதைக் கொண்டு அளந்தார்கள், எலும்பில் எடுத்ததை அளந்தார்களா, எடுத்தபின் உண்டான இடைவெளியை அளந்தார்களா என்ற கேள்விகளுக்கு அந்த வரியில் பதில் கிடையாது. தோள் பிற்பாடு எப்படி இயங்கும் என்பதை அந்தச் சில மில்லிமீட்டர்களும் தீர்மானிக்கின்றன. அதனால் இந்த எண் எப்படிப் பிறக்கிறது என்பதை நிதானமாகப் பார்ப்பது அவசியம்.

காறை எலும்பு தோளின் உச்சியில், தோள்பட்டை எலும்பின் கூரை போன்ற நீட்சியான அக்ரோமியனைச் சந்திக்கிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது ஏசி மூட்டு. சிறிய மூட்டுதான். ஆரோக்கியமான தோளின் எக்ஸ்ரேயில் இதன் இடைவெளி 1 முதல் 3 மிமீ வரை தெரியும்; வயதாக ஆக இன்னும் குறுகும். இங்கே தேய்மானம் வந்தால், அல்லது நெடுங்காலம் பளு தூக்குபவர்களுக்கு நேர்வதுபோல் காறை எலும்பின் முனை அரிக்கப்பட்டால், கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுபோகும்போது மூட்டின் மேலேயே சுருக்கென்று வலிக்கும். மாத்திரை, பயிற்சி, மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி என எதற்கும் அடங்காத வலிக்கு, உரசும் முனையைச் சற்றுக் குறைத்துவிடுவது ஒரு வழி.

இந்த அறுவைக்கு மம்ஃபோர்டு என்ற பெயர் நிலைத்துவிட்டது. 1941-இல் அமெரிக்காவின் மம்ஃபோர்டும் கனடாவின் கர்டும் தனித்தனியே இதை எழுதினார்கள். இருவருமே எழுதியது மூட்டு விலகியவர்களுக்கான சிகிச்சையாக. தேய்மானத்துக்கு இது பயன்பட்டது பிறகு. அந்தக் காலத்தில் தோலைக் கீறி, எலும்பை வெளியே தெரிய வைத்து, ரம்பத்தால் அறுத்தார்கள். அறுத்த துண்டு முழுசாகக் கைக்கு வந்தது. அதை மேசையில் வைத்து அளந்துவிடலாம். ஒன்றரை சென்டிமீட்டர், இரண்டு சென்டிமீட்டர் என்று தாராளமாக எடுத்த காலம் அது. ஆனாலும் எடுத்தது எவ்வளவு என்பதில் ஐயம் இருக்கவில்லை.

ஆர்த்ராஸ்கோப்பி வந்தபின் தழும்பு சிறிதானது, தோளை மூடியிருக்கும் டெல்டாய்டு தசையைப் பிரிக்கும் தேவை குறைந்தது, நோயாளி சீக்கிரம் எழுந்தார். இவை பெரிய நன்மைகள். கூடவே ஒன்று கைநழுவிப் போனது: அளப்பதற்கு எலும்புத் துண்டே இல்லை. சுழலும் பர் என்ற கருவி எலும்பைத் தூளாக்குகிறது. தூள் உப்புநீரோடு கலந்து உறிஞ்சு குழாயில் போய்விடுகிறது. இனி அளக்கக் கிடைப்பது, அந்த எலும்பு இருந்த இடத்தின் வெறுமை மட்டுமே.

இரண்டு எல்லைகளுக்கு நடுவே

எவ்வளவு எடுக்கலாம் என்பதற்குக் கீழே ஒரு எல்லை உண்டு, மேலே ஒரு எல்லை உண்டு. இரண்டும் வெகு அருகருகே இருக்கின்றன என்பதுதான் சங்கடம்.

போதிய அளவு எடுக்காவிட்டால் எலும்புகள் மறுபடி உரசும். இறந்தவர்களின் உடல்களில் செய்த ஆய்வுகள், சுற்றிலும் ஒரே சீராக எடுத்தால் சுமார் 5 மிமீ கூட எலும்பும் எலும்பும் தொடாமல் தடுக்கும் என்று காட்டின. "ஒரே சீராக" என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். முன்பக்கம் 10 மிமீ எடுத்துவிட்டுப் பின்பக்கம் மேல் மூலையில் ஒரு விளிம்பை விட்டுவிட்டால், அந்த விளிம்பே போய் இடிக்கும். ஆர்த்ராஸ்கோப்பில் எளிதில் கண்ணில் படாத மூலை அதுதான். அறுவைக்குப் பின்னும் வலி நீடிக்கிறவர்களிடம் மருத்துவர்கள் முதலில் தேடும் காரணங்களில் ஒன்று இப்படி விட்டுப்போன விளிம்பு. சராசரி எண்ணை மட்டும் எழுதும் குறிப்பு இந்தத் தவறைக் காட்டிக்கொடுக்காது.

மிகையாக எடுத்தால் வேறு தொல்லை. ஏசி மூட்டைச் சுற்றியுள்ள உறையும் லிகமென்ட்களும் காறை எலும்பு முன்னும் பின்னும் நகராமல் பிடித்து நிறுத்துகின்றன. முக்கியமாக மேல்பக்கத்திலும் பின்பக்கத்திலும் உள்ள நார்கள். இவை முனையிலிருந்து சில மில்லிமீட்டர் தூரத்திலேயே எலும்பில் ஒட்டத் தொடங்குகின்றன. இன்னும் உள்ளே தள்ளி, கீழிருந்து தோள்பட்டை எலும்பின் இன்னொரு நீட்சியான காரகாய்டோடு கட்டிவைக்கும் வலுவான லிகமென்ட்கள் இருக்கின்றன. அவற்றில் வெளிப்பக்கமாக இருப்பதன் ஒட்டுமிடம் முனையிலிருந்து சுமார் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டித்தான் தொடங்குகிறது. வெட்டு நீள நீள முதலில் மேலுறை பிடியிழக்கும். அதன்பின் இந்த லிகமென்ட்களுக்கு ஆபத்து. பிடி தளர்ந்த காறை எலும்பு பின்னோக்கிச் சரிந்து தோள்பட்டை எலும்பில் போய் முட்டும். முதல் வலிக்குச் செய்த சிகிச்சையே இரண்டாவது வலிக்குக் காரணமாகிவிடுகிறது. எடுத்த எலும்பைத் திரும்ப வைக்கவும் முடியாது.

ஆக, 5-க்கும் 10-க்கும் இடைப்பட்ட ஒரு குறுகிய வெளியில் மருத்துவர் வேலை செய்கிறார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் பிழை இங்கே சிறிய பிழையாகாது. எலும்பு சிறியதாக உள்ள பெண்களுக்கும் மெலிந்த உடல்வாகு கொண்டவர்களுக்கும் லிகமென்ட்கள் முனைக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும் என்பதால், எல்லோருக்கும் "ஒரு சென்டிமீட்டர்" என்ற பொது விதி எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

ஒரே எண்ணுக்குள் மூன்று அளவுகள்

"10 மிமீ" என்று எழுதினால் அது மூன்றில் எதையும் குறிக்கலாம்: காறை எலும்பிலிருந்து எடுத்த நீளம், எடுத்தபின் இரு எலும்புகளுக்கும் நடுவே உள்ள இடைவெளி, அல்லது எடுக்க வேண்டும் என்று அறுவைக்கு முன் திட்டமிட்ட அளவு. மூன்றும் ஒன்றல்ல.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு மூட்டில் ஏற்கெனவே 2 மிமீ இடைவெளி இருந்தது. மருத்துவர் அக்ரோமியன் பக்கத்திலும் 2 மிமீ சீவினார். சிலர் அப்படிச் செய்வதுண்டு. இறுதியில் இடைவெளியை அளந்தால் 10 மிமீ வருகிறது. அப்படியானால் காறை எலும்பிலிருந்து போனது 6 மிமீ மட்டுமே. லிகமென்ட்களைப் பற்றிக் கவலைப்படுகிறவருக்கு வேண்டிய எண் இந்த 6. எலும்புகள் உரசுமா என்று கேட்கிறவருக்கு வேண்டிய எண் 10. குறிப்பில் எது எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியாவிட்டால், இரண்டாவது முறை அறுவை செய்ய நேரும் மருத்துவர் இருட்டில் கைவிட்டுத் தேடுகிறார்.

இடைவெளி என்பதும் நிலையான ஒன்றல்ல. நோயாளியை ஒருக்களித்துப் படுக்கவைத்துக் கையைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கும்போது உள்ள இடைவெளியும், அவர் எழுந்து நின்று கையைத் தொங்கவிட்டிருக்கும்போது உள்ள இடைவெளியும், கையை மார்புக்குக் குறுக்கே மடக்கும்போது உள்ள இடைவெளியும் வேறு வேறு. வலி வருவது கடைசிச் சொன்ன நிலையில். அளப்பதோ முதல் நிலையில்.

திரை காட்டும் அளவை நம்பலாமா?

தோளில் வழக்கமாகப் பயன்படும் ஆர்த்ராஸ்கோப் 4 மிமீ தடிமன் கொண்டது; அதன் லென்ஸ் 30 பாகை சாய்வாகப் பார்க்கும். அகலக் கோணத்தில் பார்ப்பதற்காகச் செய்த லென்ஸ் என்பதால் படத்தின் ஓரங்கள் வளைந்து நடுப்பகுதி உப்பித் தெரியும். ஒரே அளவுள்ள இடைவெளி படத்தின் நடுவில் ஒரு மாதிரியும் ஓரத்தில் இன்னொரு மாதிரியும் தெரியும். மூட்டு முழுக்க உப்புநீர் நிரம்பியிருப்பதால் ஒளி விலகி, காற்றில் தெரிவதைவிடக் காட்சிப் பரப்பு சுருங்கிப் பொருள்கள் பெரிதாகத் தெரியும். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை தூரத்தால் வருவது: லென்ஸுக்கு அருகில் இருப்பது பெரிதாகத் தெரியும்.

மருத்துவர்கள் பொதுவாகக் கைக்கொள்ளும் முறை, அளவு தெரிந்த பர்ரை ஒப்பிட்டுப் பார்ப்பது. பர் 5.5 மிமீ விட்டம் கொண்டது, இடைவெளியில் இரண்டு பர் அகலம் இருக்கிறது, ஆகவே 11 மிமீ என்பது கணக்கு. பர் அந்த இடைவெளிக்குள்ளேயே இருந்தால் இது நல்ல முறை. பர் லென்ஸிலிருந்து 15 மிமீ தூரத்திலும், எலும்பு 20 மிமீ தூரத்திலும் இருந்தால் என்ன ஆகும்? பர்ரின் அகலத்துக்குச் சமமாகத் திரையில் தெரியும் இடைவெளி உண்மையில் 7.3 மிமீ. இரண்டு பர் அகலம் என்று நினைத்து நிறுத்தினால் 11-க்குப் பதில் ஏறத்தாழ 14.7 மிமீ ஆகிவிட்டிருக்கும். லிகமென்ட்கள் இருக்கும் எல்லையைத் தாண்டி வந்துவிட்டோம், திரையில் எல்லாம் சரியாகத் தெரிந்துகொண்டிருக்கும்போதே. அனுபவம் மிக்கவர்கள் பர்ரை எலும்பின்மேல் பட வைத்துத்தான் ஒப்பிடுவார்கள். அதை அவர்கள் பழக்கத்தால் செய்கிறார்கள். ஏன் செய்கிறார்கள் என்பது புதிதாகக் கற்கிறவர்களுக்கு எண்ணோடு சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

அளவுக்கோடுகள் போட்ட புரோபைப் பயன்படுத்துவது இதைவிட மேல். முனை வளைந்த அந்தக் கம்பியை ஒரு எலும்பு விளிம்பில் வைத்து மறு விளிம்புவரை அளக்கலாம். மூட்டின் நான்கு மூலைகளிலும் தனித்தனியே அளந்தால், விட்டுப்போன விளிம்பு அப்போதே மாட்டிக்கொள்ளும். இன்னொரு வழி, முதுகுத்தண்டு ஊசி போன்ற மெல்லிய ஊசிகளைத் தோலின் வழியே இரு எலும்பு விளிம்புகளையும் ஒட்டிச் செருகி, வெளியே அவற்றின் இடைவெளியை ஸ்கேலால் அளப்பது. இது லென்ஸின் ஏமாற்றிலிருந்து தப்பிக்கிறது. ஊசிகள் இணையாகச் செல்ல வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. எப்படி அளந்தாலும் சாய்வு ஒரு பிழையைச் சேர்க்கும்: புரோப் 30 பாகை சாய்ந்திருந்தால் அதில் படிக்கும் 10 மிமீ உண்மையில் 8.7 மிமீதான். ஏசி மூட்டே ஆளுக்கு ஆள் வெவ்வேறு சாய்வில் அமைந்தது என்பதால் இந்தப் பிழை அரிதல்ல.

அறுவைக்குப் பின் எடுக்கும் எக்ஸ்ரேதான் இறுதித் தீர்ப்பு என்று பலர் நினைக்கிறார்கள். எக்ஸ்ரே உதவும், தீர்ப்பாகாது. ஏசி மூட்டுக்கென்று கதிரை 10 முதல் 15 பாகை மேல்நோக்கிச் சாய்த்து எடுக்கும் படத்துக்கு ஸான்கா வியூ என்று பெயர். அப்படிக் கேட்டு எடுக்காவிட்டால் தோள்பட்டை எலும்பின் முதுகு மூட்டின்மேல் விழுந்து மறைத்துவிடும். உருப்பெருக்கமும் உண்டு. கதிர்க்குழாய்க்கும் தகட்டுக்கும் 100 செமீ, தோள் மூட்டுக்கும் தகட்டுக்கும் 10 செமீ என்றால், 10 மிமீ இடைவெளி படத்தில் 11 மிமீக்கு மேல் தெரியும். மேலும் எக்ஸ்ரே ஒரு தட்டையான நிழல். முன்பக்க விளிம்பும் பின்பக்க விளிம்பும் அதில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால், சீராக எடுத்தார்களா என்பதைச் சிடி ஸ்கேன் இல்லாமல் உறுதியாகச் சொல்ல முடியாது. நாள்பட்டால் வெட்டிய இடத்தில் புது எலும்பு வளர்ந்து இடைவெளி குறைவதும் உண்டு. ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தைக் காட்டி "குறைவாகத்தான் எடுத்திருக்கிறார்கள்" என்று சொல்வது அதனால் நியாயமாகாது.

அக்ரோமியன்: எடுத்ததைவிட மிச்சம் முக்கியம்

காறை எலும்பை நீளவாக்கில் குறைக்கிறார்கள். அக்ரோமியனின் அடிப்பக்கத்தையோ சீவுகிறார்கள். 1972-இல் சார்லஸ் நீர் இதை விரிவாக எழுதினார். 100 தோள்பட்டை எலும்புகளைப் பார்த்து, அக்ரோமியனின் முன் விளிம்பின் அடியில் தசைநாண்கள் உரசுகின்றன என்ற முடிவுக்கு வந்தவர் அவர். 1980-களில் ஹார்வர்ட் எல்மன் அதே வேலையை ஆர்த்ராஸ்கோப் வழியே செய்து காட்டினார். 1986-இல் பிக்லியானியும் அவருடன் பணியாற்றியவர்களும் அக்ரோமியனின் வடிவத்தைத் தட்டை, வளைவு, கொக்கி என்று மூன்றாகப் பிரித்தார்கள். கொக்கியைத் தட்டையாக்குவதே குறிக்கோள் என்றானது.

இங்கே "இத்தனை மில்லிமீட்டர் எடு" என்ற விதி பொருந்தாது, ஏனென்றால் எடுக்க வேண்டியது வளைவைப் பொறுத்தது. அக்ரோமியனின் பின்பகுதியின் அடித்தளத்தை மட்டமாக வைத்துக்கொண்டு, பின்னாலிருந்து பர்ரைச் செலுத்தி, அதே மட்டத்தில் முன்பகுதியைச் சீவுவது பரவலான முறை. தச்சர் இழைப்புளியைப் பலகையின் நேரான பகுதியில் பதித்துக்கொண்டு மேட்டை நோக்கித் தள்ளுவதுபோல. ஆனால் பலகையின் தடிமனைத் தெரியாமல் இழைக்கக் கூடாது. அக்ரோமியனின் தடிமன் சிலருக்கு 8 மிமீக்கும் குறைவு, சிலருக்கு 12 மிமீக்கும் அதிகம். 6 மிமீ தடிமனுள்ள அக்ரோமியனில் 4 மிமீ சீவினால் மிஞ்சுவது ஒரு தகடு, அது முறியலாம். அதன் விளிம்பில் பற்றியிருக்கும் டெல்டாய்டு தசையின் பிடியும் போகலாம். அறுவைக்கு முன் பக்கவாட்டு எக்ஸ்ரேயிலோ எம்ஆர்ஐயிலோ தடிமனை அளந்து, மிஞ்ச வேண்டியது இவ்வளவு என்று முடிவுசெய்துகொண்டு உள்ளே போவதே முறை.

எண் எழுதப்படுவதற்கு இன்னொரு காரணம்

குறிப்பில் "ஒரு சென்டிமீட்டர்" என்று எழுதும் வழக்கத்துக்கு மருத்துவம் மட்டும் காரணமல்ல. அமெரிக்காவில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு. காப்பீட்டு நிறுவனம் அதைப் பார்த்துத்தான் பணம் தரும். ஆர்த்ராஸ்கோப்பியில் காறை எலும்பு முனையை அகற்றுவதற்கு 29824. அக்ரோமியனைச் சீவுவதற்கு 29826. இரண்டாவது குறியீடு 2012 முதல் தனியாகக் கணக்கில் எடுக்கப்படாமல், இன்னொரு தோள் அறுவையோடு சேர்த்து மட்டும் எழுதக்கூடியதாக மாற்றப்பட்டது. முதல் குறியீட்டைக் கோருகிறவர், முனையை உண்மையாகவே அகற்றினார், துருத்திக்கொண்டிருந்த எலும்பு முளையை மட்டும் தேய்த்துவிடவில்லை என்று குறிப்பில் காட்ட வேண்டும். சுமார் ஒரு சென்டிமீட்டர் என்ற எண்ணைத் தணிக்கை செய்வோர் எதிர்பார்க்கிறார்கள். 6 மிமீ எடுத்ததே அந்த நோயாளிக்குச் சரி என்று நினைக்கும் மருத்துவருக்கு இது தேவையற்ற நெருக்கடி. பணத்துக்காக எழுதப்படும் எண்ணும் சிகிச்சைக்காக எழுதப்படும் எண்ணும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்தால், பின்னால் ஆயிரம் குறிப்புகளைத் திரட்டி ஆய்வு செய்கிறவருக்கு எல்லோருக்கும் 10 மிமீ எடுத்ததாகவே தெரியும். அந்த ஆய்விலிருந்து வரும் முடிவை எப்படி நம்புவது?

அளவுக்கு முந்தைய கேள்வி

துல்லியமாக அளந்து எடுத்துவிட்டால் மட்டும் எடுத்தது சரி என்றாகிவிடாது. அக்ரோமியனைச் சீவுவதன் பலனையே கேள்விக்குள்ளாக்கிய இரண்டு ஆய்வுகளை இங்கே சொல்லியாக வேண்டும். பிரிட்டனில் 32 மருத்துவமனைகளில் 313 பேரைச் சேர்த்து நடந்த ஆய்வு, சிலருக்கு அக்ரோமியனைச் சீவியது. சிலருக்கு ஆர்த்ராஸ்கோப்பை உள்ளே விட்டுப் பார்த்ததோடு எலும்பைத் தொடாமல் வெளியே வந்தது. சிலருக்கு எந்தச் சிகிச்சையும் தரவில்லை. 2018-இல் லான்செட் இதழில் முடிவுகள் அச்சாயின. எலும்பைச் சீவியவர்களுக்கும் வெறுமனே பார்த்து வந்தவர்களுக்கும் இடையே பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. அதே ஆண்டில் வெளியான ஃபின்லாந்து ஆய்வு 210 பேரைச் சேர்த்தது. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து அதே முடிவுக்கு வந்தது. 2019-இல் பிஎம்ஜே வெளியிட்ட சர்வதேசக் குழுவின் பரிந்துரை, அக்ரோமியனின் அடியில் தசைநாண் உரசுவதால் வருவதாகக் கருதப்படும் தோள்வலிக்கு இந்த அறுவை வேண்டாம் என்று அழுத்தமாகவே சொன்னது.

இந்த ஆய்வுகள் அக்ரோமியனைப் பற்றியவை. ஏசி மூட்டின் தேய்மானத்துக்கான அறுவைக்கு அவற்றை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் அங்கேயும் எச்சரிக்கை வேண்டும். எக்ஸ்ரேயில் தேய்மானம் தெரிகிறது என்பதற்காக மட்டும் எலும்பை எடுக்கக் கூடாது. நடுவயதைத் தாண்டியவர்களின் ஏசி மூட்டைப் படம் எடுத்தால் வலியே இல்லாத பலருக்கும் தேய்மானம் தெரியும். அந்த மூட்டில் மட்டும் மரப்பு ஊசி போட்டு வலி தற்காலிகமாக மறைகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. வலியின் ஊற்று அங்கேதான் என்பதற்கு அது நல்ல சாட்சி.

சோதனையில் தேறி, மற்ற வழிகள் பயன்படாமல், அறுவை தேவை என்று முடிவானவர்களுக்கு அளவு மறுபடி முக்கியமாகிறது. சிடி படத்திலிருந்து முப்பரிமாண மாதிரி எடுத்து முன்கூட்டியே வெட்டைத் திட்டமிடவும், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த மாதிரிகளை ஒன்றன்மேல் ஒன்று பொருத்திப் போன எலும்பைக் கணக்கிடவும் இப்போது முடியும். ஆய்வுக்கு இது அருமையான வழி. ஒவ்வொரு நோயாளிக்கும் இதைச் செய்ய, கூடுதல் கதிர்வீச்சும் செலவும் இடம் தராது. அன்றாடத்துக்குத் தேவைப்படுவது அளவுக்கோடு போட்ட ஒரு புரோபும், கூடுதலாக இரண்டு நிமிடமும், குறிப்பில் கூடுதலாக இரண்டு வரியும். அந்த வரிகள் இப்படி இருந்தால், அடுத்து அந்தத் தோளைப் பார்க்கும் எவருக்கும் வேண்டியது கிடைத்துவிடும்: "அறுவைக்கு முன் மூட்டு இடைவெளி 1 மிமீ. காறை எலும்பில் 6 மிமீ, அக்ரோமியன் பக்கம் 2 மிமீ எடுக்கப்பட்டது. இறுதி இடைவெளி முன்மேல், முன்கீழ், பின்மேல், பின்கீழ் நான்கிலும் 9 மிமீ. இடைவெளிக்குள் புரோப் வைத்து அளந்தது. மேலுறையும் பின்னுறையும் சிதையாமல் உள்ளன. கையை மார்புக்குக் குறுக்கே மடக்கிப் பார்த்தபோது எலும்புகள் தொடவில்லை."